பக்தி உண்டு, பாத்திரம் இல்லை!

சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், திருத்தணிக்குச் சற்று முன்னதாக வருகிறது கனகம்மாசத்திரம். பெயரிலேயே சத்திரத்தைச் சுமந்து நிற்கும் ஊர். காஞ்சிபுரத்தை அடுத்துள்ள பாலுசெட்டிசத்திரம் போல, வட தமிழகத்தின் பழைய யாத்திரைப் பாதைகளில் இத்தகைய ஊர்ப்பெயர்கள் பல உண்டு. வழிநடப்பவருக்கு நீரும் சோறும் ஒதுங்க இடமும் கிடைக்கும் என்பதே அப்பெயர்களின் பொருள். இன்றும் அந்தச் சாலையில் நீருக்கும் சோற்றுக்கும் குறைவில்லை. ஆனால், அவை ஏதேனும் ஓர் உறைக்குள்ளோ, கோப்பைக்குள்ளோ, பாட்டிலுக்குள்ளோ அடைபட்டுத்தான் பயணியின் கைக்கு வருகின்றன. பயணி மலைக்குப் போய்விடுகிறார். உறை சாலையோரத்தில் தங்கிவிடுகிறது.

சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருளைத் தேர்ந்தெடுக்க ஒரு சுற்றுலாப் பயணியைத் தூண்டுவது எது, தடுப்பது எது என்பது இன்று உலகெங்கும் ஆய்வாளர்கள் எழுப்பும் கேள்வி. நம் அரசுகள் அதற்குப் பல ஆண்டுகளாகத் தரும் விடை 'விழிப்புணர்வு' என்ற ஒற்றைச் சொல்தான். 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. 2023-இல் மத்திய சுற்றுலா அமைச்சகம், பயணிகள் பொறுப்புடன் நடந்துகொள்ள வேண்டும் என்று வலியுறுத்தி 'டிராவல் ஃபார் லைஃப்' திட்டத்தைத் தொடங்கியது. நோக்கத்தில் இவற்றைக் குறை சொல்ல இயலாது. ஆயினும், பயணிக்குத் தெரியவில்லை, அதனால் செய்யவில்லை என்ற அனுமானத்தின் மீதே இவை நிற்கின்றன. இந்தச் சாலையில் பலமுறை பயணித்தவன் என்ற முறையில், அந்த அனுமானத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

மனித நடத்தை குறித்து உளவியலாளர் ஐசெக் அய்சென் 1991-இல் விரிவாக முன்வைத்த கோட்பாடு, சுற்றுலா ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படுத்தப்படுகிறது. ஒரு செயலைச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் மூன்று ஊற்றுகளிலிருந்து பிறக்கிறது என்பது அதன் சாரம். அச்செயல் நல்லது என்ற மனப்பான்மை முதலாவது. நமக்கு வேண்டியவர்கள் நம்மிடம் அதை எதிர்பார்க்கிறார்கள் என்ற உணர்வு இரண்டாவது. அதைச் செய்ய நம்மால் இயலும் என்ற நம்பிக்கை மூன்றாவது. விழிப்புணர்வுப் பிரசாரங்கள் முதல் ஊற்றை மட்டுமே தோண்டிக் கொண்டிருக்கின்றன. அதுவோ ஏற்கெனவே நிரம்பி வழிகிறது.

நிரம்பி வழிகிறது என்று சொல்லக் காரணம் உண்டு. புக்கிங் டாட் காம் நிறுவனம் 2023-இல் பல நாடுகளில் நடத்திய கருத்துக்கணிப்பில், சுற்றுச்சூழலுக்கு ஊறின்றிப் பயணம் செய்ய விரும்புவதாக 76% பேர் தெரிவித்தனர். அவ்வளவு பேரும் அவ்வாறே நடந்திருந்தால் உலகின் மலைகளும் கடற்கரைகளும் வேறு தோற்றம் கொண்டிருக்கும். எமில் யுவான், சாரா டோல்னிசார் ஆகிய ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. தத்தம் ஊரில் சுற்றுச்சூழலுக்காக முனைந்து உழைப்பவர்களையே அவர்கள் தேடிப்பிடித்து, விடுமுறையில் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று கேட்டனர். வீட்டில் கடைப்பிடிக்கும் ஒழுங்கு பயணத்தில் தளர்ந்துவிடுகிறது என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டனர். தளர்ச்சிக்கு ஆளுக்கொரு சமாதானமும் வைத்திருந்தனர். இவர்களிடம் அறிவும் இருந்தது, அக்கறையும் இருந்தது. இல்லாமற்போனது வேறொன்று.

அந்த வேறொன்று எது என்று அறிய வெளிநாடு போக வேண்டியதில்லை. திருப்பதி சாலையில் ஒரே பயணியை ஒரே நாளில் இரண்டு இடங்களில் கவனித்தால் போதும். காலையில் சென்னையிலிருந்து புறப்பட்டவர் வழியில் தேநீருக்கு இறங்குகிறார். காகிதக் கோப்பையில் தேநீர் அருந்துகிறார்; ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் வாங்குகிறார்; பிள்ளைகளுக்குத் தின்பண்டப் பொட்டலங்கள் வாங்குகிறார். பாதி குடித்த பாட்டில் பேருந்தின் சன்னல் வழியே வெளியேறினாலும் வியப்பில்லை. அதே மனிதர் அன்று மாலையே அலிபிரியில் சோதனைக்கு நிற்கிறார். அங்கே நெகிழிப் பாட்டில் மலையேற அனுமதி இல்லை. திருமலையில் 2022 ஜூன் முதல் நெகிழிக்கு முழுத் தடையைத் தேவஸ்தானம் நடைமுறைப்படுத்தி வருகிறது. கடைகளில் தண்ணீர் கண்ணாடிப் பாட்டிலில் கிடைக்கிறது. காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதற்காகச் செலுத்திய முன்பணம் திரும்பக் கிடைக்கிறது. லட்டு வாங்குமிடத்தில், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ உருவாக்கிய மக்கும் பைகளுக்கென 2021 ஆகஸ்டில் தனி விற்பனை முகப்பே திறக்கப்பட்டது.

காலையில் பாட்டிலை வீசியவர் மாலையில் கண்ணாடிப் பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். இடைப்பட்ட சில மணி நேரத்தில் அவருக்கு யாரும் சுற்றுச்சூழல் பாடம் நடத்தவில்லை. மனப்பான்மை மாறவில்லை, மனிதர் மாறவில்லை. அவர் கைக்கு வந்த பொருள் மாறியது, அதைத் திருப்பிக் கொடுக்க ஓரிடம் இருந்தது, சுற்றியிருந்த எல்லோரும் அவ்வாறே செய்தார்கள். அய்சென் சொன்ன இரண்டாவது, மூன்றாவது ஊற்றுகள் மலைமீது இருக்கின்றன. சாலையில் அவை இல்லை.

யாத்திரிகரை ஏனைய சுற்றுலாப் பயணிகளோடு ஒப்பிட்டால் இன்னொன்றும் புலப்படும். சுற்றுலா என்பது இன்ப நுகர்ச்சி, அதில் தியாகத்தை எதிர்பார்க்க இயலாது என்பது மேலைநாட்டு ஆய்வுகளில் அடிக்கடி எழும் தடை. நம் யாத்திரிகரோ விரதமிருந்து வருகிறார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து வெறுங்காலோடு நடந்து வருகிறார். திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறுகிறார். இவ்வளவு உடல் வருத்தத்தை விரும்பி ஏற்பவரிடம், ஒரு காலிப் பாட்டிலை இரண்டு கிலோமீட்டர் சுமக்க மனமில்லை என்று சொல்வது பொருந்தாது. உலகில் எந்தச் சுற்றுலாத் தலத்துக்கும் வாய்க்காத அளவுக்குத் தன்னடக்கத்தோடு வரும் கூட்டம் இது. அதை நாம் வீணடிக்கிறோம் என்பதே என் ஆதங்கம்.

வீணாவது எங்கே? முதலாவது, தண்ணீர். வழியில் பாட்டில் வாங்குபவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலோர் சொல்வது வசதியை அல்ல, பயத்தை. குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது; தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று தெரியாது; கைக்குழந்தையோடு வெளியூரில் வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது? இந்தக் கணக்கில் தவறேதும் இல்லை. ஓட்டல் மேசையில் எவர்சில்வர் குவளையில் வைத்த நீரைத் தயங்காமல் குடித்த தலைமுறை நமக்கு முந்தையது. இன்று மூடியின் முத்திரை உடையாமல் இருப்பதுதான் நம்பிக்கைக்கான சான்று. தேநீர்க் கடைகளில் கண்ணாடி கிளாஸின் இடத்தைக் காகிதக் கோப்பை பெருமளவு பிடித்ததும் கொரோனா காலத்து அச்சத்தால்தான். சுகாதாரத்தைப் பற்றிய ஐயத்தைத் தீர்க்காமல் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசினால், பயணி தலையாட்டிவிட்டுப் பாட்டிலையே வாங்குவார்.

இதில் அரசுக்கும் பங்குண்டு. 2013-இல் தமிழக அரசு 'அம்மா குடிநீர்' திட்டத்தைத் தொடங்கிப் பேருந்து நிலையங்களில் ரூ.10-க்குத் தண்ணீர் விற்றது. அதற்கான ஆலை இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில்தான் அமைந்தது. ஏழைப் பயணிக்கு அது உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால், பயணிக்கு நல்ல நீர் தர வேண்டும் என்று நினைத்த அரசின் கைக்கும் முதலில் எட்டியது நெகிழிப் பாட்டில்தான். தண்ணீர்ப் பந்தல் வைத்துப் பழகிய நாட்டில் இது நடந்தது.

2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தடை நடைமுறையில் இருக்கிறது. தண்ணீர் பொட்டலம் அந்தப் பட்டியலில் உண்டு. தண்ணீர் பாட்டில் இல்லை. நெகிழிப் பூச்சு கொண்ட காகிதக் கோப்பையும் பட்டியலில் உண்டு. அதனை எதிர்த்து உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கில், 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் கோப்பைக்கான தடையை உறுதி செய்தது. ஆயினும், நாம் தேநீர் குடிக்கும் 'பேப்பர் கப்' தடை செய்யப்பட்ட பொருள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? காகிதம் என்ற சொல்லே அதற்குப் பசுமைச் சான்றிதழாகிவிட்டது. சூடான திரவம் ஊறாமல் இருப்பதற்காக உட்புறம் பூசப்பட்ட மெல்லிய நெகிழிப் படலம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சூழலுக்கு நல்லது என்று நம்பித் தவறானதைத் தேர்ந்தெடுக்கும் பயணியை நாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது? எண்ணம் நல்லதாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்தது, ஆய்வு நூல்கள் அதிகம் பேசாத ஒன்று. 'நுகர்வோர் தேர்வு' என்று சொல்லும்போது, பணம் கொடுத்து வாங்குபவர் ஒருவரை அவை மனத்தில் வைத்திருக்கின்றன. யாத்திரைப் பாதையில் நுகரப்படுவதில் பெரும்பங்கு வாங்கப்படுவதில்லை, வழங்கப்படுகிறது. ஆடிக் கிருத்திகை நாள்களில் சாலையோரம் அன்னதானம், மோர், பானகம், தண்ணீர் என்று பந்தலுக்குப் பந்தல் கொடுக்கிறார்கள். நடந்துவருபவர் கையை நீட்டுகிறார். எந்தத் தட்டில் கொடுக்கிறார்களோ அதில் வாங்கிக்கொள்கிறார். தேர்வு செய்பவர் உண்பவர் அல்லர், வழங்குபவர். அர்ச்சனைக் கடையிலும் இதே கதைதான். தேங்காய், பழம், வெற்றிலை, கற்பூரம் எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னரே பையிலிட்டு வைத்திருக்கிறார். அதைப் பிரித்துத் துணிப்பையில் போட்டுத் தருமாறு கேட்பதற்குப் பின்னால் நிற்கும் கூட்டம் இடம் கொடுப்பதில்லை.

தானம் செய்பவரின் மனநிலையும் கவனிக்கத்தக்கது. பசித்தவருக்குச் சோறிடுவது புண்ணியம், அதில் மறுப்பில்லை. அந்தப் புண்ணியத்தின் பெருமை, சோற்றைத் தாங்கிய தட்டை யாரும் கேள்வி கேட்காதபடி காத்துவிடுகிறது. நெகிழி பூசிய தட்டில் அன்னமிடுகிறீர்களே என்று கேட்பவர் பாவியாகத் தோன்றுவார். மாலைக்குள் அடுப்பும் பந்தலும் பிரிக்கப்பட்டுவிடும். தட்டுகள் அங்கேயே கிடக்கும். மறுநாள் அள்ளுவது ஊராட்சியின் தூய்மைப் பணியாளர். ஈந்தவரின் கணக்கில் புண்ணியமும் ஊரின் கணக்கில் குப்பையும் சேர்கின்றன. சுற்றுலாவின் சூழல் சுமையைப் பயணியின் தலையில் மட்டும் ஏற்றிவைக்கும் பேச்சில் இந்தக் கணக்கு விடுபட்டுப் போகிறது.

அந்தக் குப்பை ஊரோடு நின்றுவிடுவதும் இல்லை. திருத்தணியையொட்டி ஓடும் நந்தியாறு கொசஸ்தலையாற்றின் கிளை. கொசஸ்தலையாறு சேரும் இடம், 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம். சென்னையின் குடிநீருக்கு முதன்மையான ஆதாரங்களுள் ஒன்று. மழைக்காலத்தில் இந்த நிலப்பரப்பின் ஓடைகளும் வாய்க்கால்களும் அடித்துச் செல்வதெல்லாம் அந்தத் திசையில்தான் போகின்றன. திருத்தணிக்கும் திருப்பதிக்கும் சென்னையிலிருந்து வரும் பக்தர், தன் வீட்டுக் குழாய்க்கு நீர் வரும் வழியில்தான் பாட்டிலை வீசிவிட்டுப் போகிறார்.

இதை ஒரு பலகையில் எழுதி வைத்தால் போதுமா? பலகைகள் பற்றியும் ஆய்வுகள் உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் கோல்ட்ஸ்டைன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் ஆகியோர் 2008-இல் வெளியிட்ட விடுதிச் சோதனை புகழ்பெற்றது. துண்டைத் துவைக்கப் போடாமல் மீண்டும் பயன்படுத்துமாறு கேட்கும் அட்டையில், 'சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதியபோது 35% விருந்தினர் இணங்கினர். 'இங்கு தங்குவோரில் பெரும்பாலோர் அவ்வாறே செய்கிறார்கள்' என்று எழுதியபோது அது 44% ஆயிற்று. 'இதே அறையில் தங்கியவர்கள்' என்று குறிப்பிட்டபோது 49% வரை சென்றது. பின்னர் ஜெர்மனியில் செய்து பார்த்தவர்களுக்கு இதே விளைவு கிட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்கு ஊர் மனிதர்கள் வேறுபடுகிறார்கள். எனினும், உபதேசத்தைவிட அக்கம்பக்கத்தார் செய்வது வலிமையானது என்ற செய்தி நமக்குப் புதிதன்று.

அதன் மறுபக்கம் எச்சரிக்கையானது. அரிசோனா மாநிலத்தில் கல்லாகிப்போன பழங்கால மரங்கள் நிறைந்த தேசியப் பூங்காவில் இதே சியால்டினி ஒரு சோதனை செய்தார். 'முன்னர் வந்த பலர் மரத்துண்டுகளை எடுத்துச் சென்றதால் பூங்காவின் இயல்பு மாறிவிட்டது' என்ற பலகை வைத்த பாதையில், அடையாளமிட்டு வைத்த துண்டுகளில் ஏறத்தாழ 8% களவு போயின. எடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்ட பலகையின் அருகே 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே போயின. எல்லோரும் கெடுக்கிறார்கள் என்று புலம்பும் பலகை, கெடுப்பதற்கு அழைப்பிதழாகிவிட்டது. திருவிழா முடிந்த மறுநாள் 'டன் கணக்கில் குப்பை' என்று படத்துடன் செய்தி வெளியிடும் நாளிதழ்களும், அதைப் பற்றிக் கட்டுரை எழுதும் என் போன்றவர்களும் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

யாத்திரையில் அக்கம்பக்கத்தார் என்றால் யார்? முகமறியாத முந்தைய விருந்தினர் அல்லர். உடன் வந்த குழுவினர், அவர்களை நடத்திச் செல்லும் குருசாமி. சபரிமலை யாத்திரையில் இது கண்கூடு. இருமுடியில் என்ன இருக்க வேண்டும், என்ன கூடாது என்று குருசாமி சொல்வதே சட்டம். 2024-இல் சபரிமலை தந்திரி, கற்பூரம், ஊதுவத்தி, பன்னீர் போன்றவை இருமுடியில் வேண்டாம் என்று எழுத்துமூலம் அறிவுறுத்தினார். கோயிலில் பயன்படாமல் குப்பையாகச் சேர்பவை அவை. நூறு பலகைகளுக்கு இல்லாத மதிப்பு அத்தகைய ஒரு சொல்லுக்கு உண்டு. வழக்கம் என்பது தொன்றுதொட்டு வருவது, அதை மாற்ற இயலாது என்பாருக்குத் திருத்தணியே மறுமொழி சொல்லும். டிசம்பர் 31 இரவில் ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து பாடியபடியே ஏறும் படித் திருவிழாவை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். புத்தாண்டு நாளில் ஆங்கிலேய அதிகாரிகளுக்கு வாழ்த்துச் சொல்லக் காத்து நின்றவர்களை மலையை நோக்கித் திருப்பினார் என்பார்கள். ஒரு துறவியின் சொல் ஒரு நூற்றாண்டுப் பழக்கமாயிற்று.

ஆனால், சொல் மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிடாது. தமிழகத்தில் அண்மைக் காலத்தில் சுற்றுச்சூழலுக்கு உகந்த நடத்தை பெருவெற்றி பெற்ற இடம் எது என்று கேட்டால், என் விடை பலருக்கு நகைப்பைத் தரலாம். அது டாஸ்மாக் கடை. மலையில் உடைந்து கிடந்த மதுப்பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட, 2022 மே மாதம் நீலகிரி மாவட்டத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்கு ரூ.10 கூடுதலாக வாங்க வேண்டும். காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விற்ற பாட்டில்களில் மிகப் பெரும்பான்மை திரும்பி வந்தன. திட்டம் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. குடித்துவிட்டு வருபவரிடம் யாரும் பசுமைச் சிந்தனையை எதிர்பார்க்கவில்லை. பத்து ரூபாயை அவர் மறக்க மாட்டார் என்று மட்டுமே நம்பினார்கள். அவர் மறந்து எறிந்தாலும், அதைப் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேறொருவர் இருந்தார்.

பக்தர்களிடமும் இது பலித்திருக்கிறது. கோவை வெள்ளியங்கிரி மலையேறுபவர்களின் நெகிழிப் பாட்டில்களில் வனத்துறை ஸ்டிக்கர் ஒட்டி, முன்பணம் வாங்கிக்கொண்டு, இறங்கும்போது காட்டினால் திருப்பித் தருகிறது. கேதார்நாத்தில் 2022 முதல் பாட்டிலின் மீது க்யூஆர் குறியீடு ஒட்டி, ரூ.10 முன்பணம் பெறும் முறை நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனியில் ஒருமுறை பயன்படுத்தும் பானப் பாட்டில்களுக்கு 2003 முதல் முன்பணம் கட்டாயம். இன்று அங்கே நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் திரும்பி வருகின்றன. ஜெர்மானியர் இயல்பிலேயே ஒழுங்கானவர்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாதபடி நீலகிரி நமக்குச் சான்று வைத்திருக்கிறது.

பணத்துக்காகச் செய்வது பண்பாகுமா என்ற கேள்வியை நண்பர்கள் எழுப்புவதுண்டு. நல்ல கேள்விதான், ஆனால், பூண்டி ஏரிக்கு அது பொருட்டல்ல. நடைமுறைச் சிக்கல்கள் அதைவிடக் கனமானவை. பாட்டிலைத் திரும்பப் பெறும் பணி தங்கள் தலையில் விழுந்ததையும், காலிப் பாட்டில்களை அடுக்க இடமில்லாததையும் கண்டித்து டாஸ்மாக் ஊழியர்கள் போராடினார்கள். அது நியாயமான குறை. அரசே நடத்தும் கடைகளில் இந்த நிலை என்றால், நான்கடி அகலப் பெட்டிக்கடையில் தண்ணீர் விற்பவர் என்ன செய்வார்? சுமையை அவர்மீது ஏற்றினால் திட்டம் முதல் மாதமே படுத்துவிடும். பாட்டிலைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கு, அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை மத்திய அரசின் நெகிழிக் கழிவு விதிகள் ஏற்கெனவே அளித்திருக்கின்றன. திரும்பப் பெறும் நிலையங்களை அவர்கள் செலவில் பேருந்து நிலையத்திலும் மலையடிவாரத்திலும் சுங்கச்சாவடியிலும் அமைக்கச் சொல்வதே முறை. சாலையோரச் சிறுகடைக்காரரிடம் அபராதம் வசூலித்துப் படம் எடுத்துக்கொள்வது எளிது. அதனால்தான் அது அடிக்கடி நடக்கிறது.

தண்ணீரைப் பொறுத்தவரை, பயணியின் பயத்துக்கு மரியாதை தர வேண்டும். சுத்திகரிப்பு இயந்திரத்தை அமைச்சர் திறந்துவைத்துவிட்டுப் போனபின், அதன் வடிகட்டி எப்போது மாற்றப்பட்டது என்று யாருக்கும் தெரிவதில்லை. நீர் கடைசியாகப் பரிசோதிக்கப்பட்ட நாளையும் முடிவையும் குழாயின் மேலேயே எழுதி வைப்பதற்குப் பெரிய செலவில்லை. முத்திரையிட்ட மூடி தரும் நம்பிக்கையை அந்த ஒரு வரியும் தர முடியும், அது உண்மையாக இருக்கும் பட்சத்தில். ஒரு பரிசோதனை தவறினாலும், குழாய் ஒரு கோடை முழுவதும் வறண்டு கிடந்தாலும், பயணி பாட்டிலுக்குத் திரும்பிவிடுவார். மறுபடி அழைத்துவர ஆண்டுகள் ஆகும். நீலகிரியில் 2019-இல் சிறு தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை விதித்தபோது, கூடவே தண்ணீர் ஏடிஎம்கள் நிறுவப்பட்டன. தடையும் மாற்றும் ஒன்றாக வர வேண்டும் என்ற புரிதல் அதில் இருந்தது. அந்த இயந்திரங்களைப் பராமரிப்பதில்தான் மீதிக் கதை அடங்கியிருக்கிறது.

தட்டுக்கு வருவோம். வாழையிலையும் மந்தாரை இலையும் நமக்குத் தெரியாதவையல்ல. கரும்புச் சக்கையிலிருந்து தட்டு செய்யும் தொழில் நாட்டின் பல இடங்களில் வளர்ந்திருக்கிறது. கனகம்மாசத்திரத்துக்கு அருகே திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. சக்கை பக்கத்து ஊரிலேயே குவிகிறது. ஆலையின் கொதிகலன் எரித்தது போக மிஞ்சுவது எவ்வளவு, தட்டு செய்வது கட்டுப்படியாகுமா என்பதைக் கணக்கிட வேண்டியவர்கள் கணக்கிடட்டும். இல்லாவிட்டாலும் கழுவிப் பயன்படுத்தும் எவர்சில்வர் தட்டு இருக்கிறது. திருத்தணி கோயிலில் 2021 செப்டம்பரிலேயே நாள் முழுவதும் அன்னதானம் வழங்கும் திட்டத்தை அரசு தொடங்கியது. அந்த அளவுக்குச் சமையலும் பரிமாறலும் நடக்கும் ஒரு நிறுவனத்தின் அருகில், திருவிழா நாள்களுக்கு மட்டும் தட்டுகளையும் குவளைகளையும் வாடகைக்குத் தரும் ஏற்பாட்டை உருவாக்குவது கடினமன்று. திருமணங்களுக்கு அண்டா குண்டா வாடகைக்கு எடுத்துப் பழகியவர்கள்தானே நாம்.

பெரும்பாத்திரங்களில் தேக்கரண்டியும் முக்கியம் என்பதைப்போல, அளவும் ஒரு செய்தி. நார்வேயில் கால்பெக்கன், செலன் என்ற இருவர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், விடுதிகளில் சாப்பாட்டுத் தட்டின் அளவைச் சற்றுக் குறைத்ததும் வீணாகும் உணவு ஏறத்தாழ 20% குறைந்தது. விருந்தினர் எவரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. அன்னதானத்தில் அள்ளிப் போடுவதே அன்பு என்று எண்ணும் நம் ஊரில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. கேட்டவருக்கு இரண்டாம் முறை போடுவதால் ஈகைக்குக் குறைவு வந்துவிடாது.

எல்லை என்ற சிக்கல் கடைசியாக இருக்கிறது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறிய ஊர். எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, யாத்திரை நகரவில்லை. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் கிருத்திகைக்கு வருகிறார்கள். சென்னையிலிருந்து புரட்டாசிக்குப் போகிறார்கள். கனகம்மாசத்திரத்தில் முன்பணம் கட்டி வாங்கிய பாட்டிலை ரேணிகுண்டாவில் கொடுத்தால் ஏற்பார்களா? ஏற்காவிட்டால் திட்டம் எல்லைச் சாவடியில் செத்துவிடும். தமிழக அறநிலையத் துறையும் திருமலை தேவஸ்தானமும் இரு மாநில அரசுகளும் ஒரு சாலையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் விற்கும் தண்ணீர் பாட்டில்களுக்கு மட்டும் பொதுவான முன்பணக் குறியீடு ஒன்றை ஒப்புக்கொள்ளலாம். கிருஷ்ணா நீரைப் பூண்டிக்குக் கொண்டுவர ஒப்பந்தம் செய்ய முடிந்த இரு மாநிலங்களுக்கு இது பெரிய காரியமன்று.

அதற்கு ஆண்டுகள் ஆகலாம். அடுத்த ஆடிக் கிருத்திகைக்குள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பொது இடத்தில் அன்னதானம் செய்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் பதிவு பெற வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த விண்ணப்பத்திலேயே, எதில் பரிமாறப் போகிறீர்கள், மிஞ்சும் தட்டுகளை யார் அப்புறப்படுத்துவார் என்று இரண்டு கேள்விகளைச் சேர்க்க மாவட்ட நிர்வாகத்துக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. விடை எழுதாதவர்களுக்குப் பந்தல் போட இடம் ஒதுக்காமல் இருக்கும் அதிகாரமும் அதனிடம் இருக்கிறது.